ரொறன்ரோவில் குடிவரவுச் சட்ட உதவி தேடுகிறீர்களா? ஆளை நம்புமுன் செய்ய வேண்டியவை

கடந்த டிசம்பர் முதல் கிழமையில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு என் பெறாமகன் வந்து கதவைத் தட்டினான். அவனுடைய ஸ்டடி பெர்மிட் செப்டம்பர் 30 அன்று முடிந்திருந்தது. நீட்டிப்புக்கு ஆகஸ்ட் மாதமே விண்ணப்பம் போட்டுவிட்டதாகச் சொல்லி ஒரு ஏஜென்ட் காசு வாங்கியிருந்தார். விண்ணப்ப இலக்கம் கேட்கும்போதெல்லாம் "சிஸ்டத்தில் இன்னும் ஏறவில்லை தம்பி" என்ற பதில்தான். உண்மையில் விண்ணப்பமே போகவில்லை.

ஸ்டேட்டஸ், அதாவது கனடாவில் சட்டப்படி தங்கும் உரிமை, போனால் அதை மீட்டுத் தரும்படி கேட்க 90 நாள்தான் இருக்கிறது. எங்களுக்கு மிச்சம் இருந்தது 23 நாள். அந்த மூன்று கிழமையில் ஓடித் திரிந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சரியான சட்டத்தரணியிடம் போய்ச் சேருவது எப்படி என்பது மட்டும்தான் இந்தப் பதிவு.

1. முதலில் திகதிகளை எழுதுங்கள்

யாருக்கும் போன் எடுக்குமுன் ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதுங்கள்: கனடாவுக்குள் வந்த நாள், இப்போதைய பெர்மிட் முடியும் நாள், கடவுச்சீட்டு முடியும் நாள், குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்தின் திகதி, உங்கள் யூ.சி.ஐ. இலக்கம் (அந்தத் திணைக்களம் உங்களுக்குத் தந்த அடையாள இலக்கம், அவர்களுடைய கடிதங்களில் இருக்கும்). கடவுச்சீட்டின் திகதியை ஏன் கேட்கிறேன் என்றால், அது முடியும் நாளுக்கு அப்பால் பெர்மிட் தரமாட்டார்கள்.

பெர்மிட் முடியுமுன் நீட்டிப்பு விண்ணப்பம் போயிருந்தால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு தங்கலாம். ஒருநாள் பிந்தினாலும் கதை மாறிவிடும். அப்போது ஸ்டேட்டஸை மீட்க விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைக்கும்வரை படிக்கவும் முடியாது, வேலை செய்யவும் முடியாது. விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்திருந்தால் இன்னும் அவசரம். கனடாவுக்குள் எடுத்த முடிவை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றம் போக 15 நாள், வெளிநாட்டு விசா அலுவலகத்தின் முடிவென்றால் 60 நாள். சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் பேசும்போது முதல் வசனத்திலேயே இந்தத் திகதியைச் சொல்லுங்கள். "இன்னும் 23 நாள்தான் இருக்கிறது" என்று நான் சொன்ன பிறகுதான் வரவேற்பில் இருந்த பெண் அடுத்த நாளே நேரம் ஒதுக்கினார். அதற்கு முன் அழைத்த இரண்டு இடங்களில் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன், ஜனவரியில் வரச் சொன்னார்கள்.

2. யாருக்குக் காசு கொடுக்கலாம்?

ஒன்ராறியோவில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள் சிலர்தான். சட்டச் சங்கத்தில், அதாவது லோ சொசைட்டி ஒஃப் ஒன்ராறியோவில், உரிமம் பெற்ற சட்டத்தரணிகள் ஒரு வகை. அதே சங்கத்தின் பாராலீகல்கள், அதாவது சட்டத்தரணி அல்லாமல் குறிப்பிட்ட சில சட்ட வேலைகளுக்கு மட்டும் உரிமம் பெற்றவர்கள், இன்னொரு வகை; ஆனால் அவர்களுடைய எல்லை குடிவரவு மற்றும் அகதிகள் சபையின் விசாரணைகளோடு நின்றுவிடும். மூன்றாவது, குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் (படிக்கும் இடமல்ல, ஆலோசகர்களுக்கு உரிமம் தந்து கண்காணிக்கும் அமைப்பு) பதிவு பெற்ற ஆர்.சி.ஐ.சி. ஆலோசகர்கள். இவர்கள் அந்தச் சபையின் முன் வாதாட வேண்டுமென்றால் அதற்குத் தனி வகை உரிமம் தேவை.

பயண முகவர், மொழிபெயர்ப்பாளர், வருமான வரி செய்பவர், சத்தியக்கடதாசியில் முத்திரை குத்துபவர் ஆகியோருக்கு, மேலே சொன்ன உரிமம் தனியாக இல்லாவிட்டால், இந்த வேலைக்குக் காசு வாங்கும் உரிமை இல்லை. சொந்தக்காரர் ஒருவர் காசு வாங்காமல் படிவம் நிரப்ப உதவுவதில் பிழையில்லை.

என் அபிப்பிராயம்: சாதாரண நீட்டிப்புக்கு நல்ல ஆலோசகர் போதும். ஸ்டேட்டஸ் போய்விட்டது, நிராகரிப்பு வந்துவிட்டது, நாடுகடத்தல் என்ற சொல் எங்காவது வந்துவிட்டது என்றால் நேரே சட்டத்தரணியிடம் போங்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனால் அங்கே உங்களுக்காக நிற்கக்கூடியவர் அவர்தான்.

3. உரிமத்தைச் சரிபார்த்தல்: நாங்கள் ஏமாந்த இடம்

பெறாமகன் கவனயீனமாக இருந்தான் என்று நினைக்காதீர்கள். அவன் சரிபார்த்தான். ஒரு பிளாசாவின் மேல்மாடியில் சின்ன அறை. சுவரில் கண்ணாடிச் சட்டகத்துக்குள் ஆலோசகர் சான்றிதழ், அதில் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் உரிம இலக்கம். அவன் அதைப் போனில் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து கல்லூரியின் இணையதளத்தில் தேடினான். இலக்கம் உண்மையானது, உரிமமும் நடைமுறையில் இருந்தது. அதோடு நம்பிவிட்டான்.

அந்தப் படத்தை அவன் என்னிடம் காட்டியபோதுதான் பெயரைப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து காசு எண்ணியவரின் பெயர் வேறு. "அவர் எங்கள் கம்பனியின் ஆலோசகர், நான் அவருக்காக வேலை செய்கிறேன்" என்பது அவருடைய விளக்கம். பதிவேட்டில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்தவர் அந்த உரிமத்துக்குச் சொந்தக்காரர்தான். பெறாமகனின் பெயரையே அவர் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே இலக்கத்தைத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்:

முழுப் பெயரையும் உரிம இலக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள். குறுஞ்செய்தியாக இருந்தாலும் சரி. எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆலோசகர் என்றால் கல்லூரியின் பொதுப் பதிவேடு, சட்டத்தரணி அல்லது பாராலீகல் என்றால் சட்டச் சங்கத்தின் விவரக்கொத்து. இரண்டுக்கும் காசு இல்லை. அவர்கள் அனுப்பும் லிங்கை அழுத்தாமல் நீங்களே தேடித் திறவுங்கள். உரிமம் இன்று செல்லுபடியாகிறதா, இடைநிறுத்தப்பட்டதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் மிக முக்கியமானது: பிசினஸ் கார்டில் உள்ள இலக்கத்துக்கு அல்ல, பதிவேட்டில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். "இன்னார் உங்களிடம் வேலை செய்கிறாரா? என் கோப்பு உங்களிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. ஆகஸ்டில் இதைச் செய்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு செமஸ்டரை இழந்திருக்க மாட்டான்.

4. கையில் காசு இல்லாவிட்டால்

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 211 என்று அழுத்துங்கள். எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் தொலைபேசிச் சேவை அது. எந்த நேரமும் எடுப்பார்கள். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

அகதிக் கோரிக்கை என்றால் லீகல் எய்ட் ஒன்ராறியோவை 1-800-668-8258 இல் அழையுங்கள். வருமானம் குறைவாக இருந்து தகுதி பெற்றால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை ஏற்றுக்கொள்ளும் சட்டத்தரணியை நீங்களே தெரிவு செய்யலாம், அவருக்கான காசை அவர்கள் கொடுப்பார்கள். ஆனால் ஸ்டடி பெர்மிட் நீட்டிப்பு போன்றவற்றுக்கும் இது கிடைக்கும் என்று காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

சால்கோ என்று அழைக்கப்படும் தென்னாசியச் சட்ட உதவி நிலையம் குறைந்த வருமானம் உள்ள நம்மவர்களுக்காகவே இருக்கிறது. சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையும் உண்டு. இணையத்தில் படிவம் நிரப்பினால் ஒரு சட்டத்தரணியின் பெயர் தருவார்கள், அவரோடு அரை மணிநேரம் வரை இலவசமாகப் பேசலாம். எங்களுக்குச் சட்டத்தரணி கிடைத்தது இந்த வழியில்தான்.

5. முதல் சந்திப்பு

ஆவணங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். படத்தைச் சுருக்கிவிடும், முத்திரையில் உள்ள திகதி மங்கிப் போகும். போனிலேயே உள்ள ஸ்கேன் வசதியால் பி.டி.எஃப். ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள். இதற்கென்று காசு கொடுத்துச் செயலி வாங்கத் தேவையில்லை. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கினால் எல்லாம் தானாக வரிசையில் நிற்கும்.

சொல்ல வெட்கமானதையும் சொல்லுங்கள். பெறாமகன் ஸ்டேட்டஸ் போனது தெரியாமல் இரண்டு மாதம் வேலைக்கும் போயிருந்தான். அதை மறைக்கத்தான் முதலில் நினைத்தான். சட்டத்தரணி அதைக் கேட்டுவிட்டு, விண்ணப்பத்தோடு போகும் கடிதத்தில் நடந்ததை அப்படியே எழுதினார். பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து வருடம் கனடாவுக்குள் வர முடியாமல் போகலாம். படிவத்தை நிரப்பியது வேறொருவர் என்றாலும் கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடவே கூடாது.

காசு கொடுக்குமுன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதில் பதிவேட்டில் பார்த்த அதே பெயர், என்ன வேலை, அவருடைய கட்டணம் எவ்வளவு, அரசுக் கட்டணம் எவ்வளவு என்பது தனித்தனியாக இருக்க வேண்டும். உங்கள் பிரதிநிதி யார் என்று அரசுக்கு அறிவிக்கும் 5476 என்ற படிவத்தையும் நிரப்ப வேண்டும். "அது தேவையில்லை, உங்கள் பெயரிலேயே போடுகிறேன்" என்று காசு வாங்குபவர் சொன்னால், அவர் தன் பெயர் எங்கும் வராமல் பார்த்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

விண்ணப்பம் போன அன்றே அது போய்ச் சேர்ந்ததற்கான உறுதிப் பக்கத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எங்களுடையது டிசம்பர் 20 அன்று போனது. அன்று மாலையே அந்தப் பக்கம் பெறாமகனின் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது.

பின்சேர்க்கை

பதிவைப் படித்த ஒருவர், ஏஜென்ட் குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்தில் தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துத் தனக்குக் கணக்குத் திறந்துவிட்டார், கடவுச்சொல்லும் தர மறுக்கிறார் என்று எழுதியிருந்தார். அவரோடு சண்டை போட்டு நாளை வீணாக்காதீர்கள். உங்கள் மின்னஞ்சலில் புதுக் கணக்குத் திறந்து, விண்ணப்ப இலக்கம் தெரிந்தால் அதை அந்தக் கணக்கோடு இணையுங்கள். குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் படிவம் வழியாக உங்கள் முகவரியையும் மின்னஞ்சலையும் மாற்றச் சொல்லுங்கள். அவரைப் பிரதிநிதியாக அறிவித்திருந்தால் 5476 படிவத்திலேயே ரத்துச் செய்யும் பகுதி இருக்கிறது. உங்கள் பெயரில் என்ன போயிருக்கிறது என்று பார்க்க, தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்பின் பிரதியை இலவசமாகக் கேட்கலாம். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டால் 5 டொலர். சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும், நடைமுறையில் பிந்துவதும் உண்டு. ஆகவே இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

இன்னொருவர் தன் அம்மாவின் அகதி விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரைத் தேடிக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம். விசாரணைக்குச் சபையே இலவசமாக ஏற்பாடு செய்யும். எந்த மொழி என்று படிவத்தில் சரியாகக் குறிப்பிட்டால் போதும். ஆனால் சபைக்குக் கொடுக்கும் தமிழ் ஆவணங்களை மொழிபெயர்ப்பது உங்கள் பொறுப்பு. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் அம்மாவின் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால், அதை விசாரணை நாளுக்கு முன்பே சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள்.