எல்லோரும் குருவி பார்க்க வருவதில்லை: மலைக்கு விருந்தினரை அழைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் மூன்று அறைகள் வைத்து விருந்தினரைத் தங்க வைக்கிறேன். ஆரம்பத்தில் யார் வந்தாலும் காலை ஆறரைக்கு எழுப்பி லாங்வுட் சோலைக்குக் கூட்டிப்போய்விடுவேன். 116 ஹெக்டேர் சோலைக்காடு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. பிடிக்காமல் போகுமா என்ற நினைப்பு.

ஒருமுறை ஒரே ஜீப்பில் இரண்டு கூட்டம். பெங்களூரிலிருந்து பெரிய கேமராவோடு ஒருவர். திருப்பூரிலிருந்து பாட்டி, பேரன் என்று ஒரு குடும்பம். கேமராக்காரர் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானுக்காக ஒரே புதரின் முன் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றார். அது எட்டிப் பார்த்த நேரம், காலில் அட்டை ஏறிவிட்டது என்று பையன் அலறினான். குருவி போய்விட்டது. அவர் அன்று என்னோடு பேசவே இல்லை. பையனைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு பேரையும் ஒன்றாக ஏற்றியது நான்தான்.

இதுதான் முதல் தவறு. காட்டுக்கு வருபவர்களை கிரெக் லிண்ட்பெர்க் என்ற சுற்றுலா ஆய்வாளர் 1991இலேயே நான்காகப் பிரித்தார். ஆராய்ச்சிக்கோ குப்பை அகற்றவோ வருபவர்கள். ஓரிடத்தின் இயற்கையைப் புரிந்துகொள்ளவே வருபவர்கள். பேர்பெற்ற இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வருபவர்கள். வேறு பயணத்தின் நடுவே எட்டிப் பார்ப்பவர்கள். என்னிடம் வருபவர்களில் கடைசி இரண்டு வகையினர்தான் அதிகம்.

அடுத்தது, சொல்லும் காரணத்தை அப்படியே நம்புவது. போனில் கேட்டால் எல்லோரும் “சும்மா இயற்கையை ரசிக்கத்தான்” என்பார்கள். ஊரிலிருந்து ஆளைத் தள்ளுவது ஒன்று, இங்கே இழுப்பது வேறொன்று என்று 1977இல் கிரஹாம் டான் என்ற சுற்றுலா ஆய்வாளர் எழுதினார். மே மாதம் வரும் குடும்பத்தைத் தள்ளுவது கீழே கொளுத்தும் வெயில். முக்குருத்தி தேசியப் பூங்காவின் வரையாடு அவர்கள் கணக்கிலேயே இல்லை. 2018இல் குறிஞ்சி பார்க்க வந்தவர்களை அந்தப் பூ இழுத்தது. 2030இலும் இழுக்கும். நான் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன்: “போன லீவுக்கு எங்கே போனீர்கள், அங்கே எது பிடித்தது?” பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

வெயிலுக்குத் தப்பி வருபவர்களை இளக்காரமாகப் பார்ப்பதும் தவறுதான். அவர்களுக்குத் திண்ணை, சூடான டீ, தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் கொஞ்ச தூரம் நடை, இவை போதும். காட்டுக்கும் அது நல்லது.

மாறாக, ஆர்வம் மிகுந்தவர் என்பதற்காகவே ஒருவருக்கு எல்லாச் சலுகையும் கொடுத்துவிடாதீர்கள். தான் பார்த்த பறவைகளின் பட்டியலில் இன்னொன்று சேர வேண்டும் என்பதே நோக்கமானால், செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிடத் தயங்க மாட்டார்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டு அந்தப் பறவை சண்டைக்கு வரும். நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன், அது இங்கே கூடாது என்று.

விலங்கு காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுமலையில் புலி யாருக்கும் நேரம் குறித்துக் கொடுப்பதில்லை. ‘நைட் சஃபாரி’ என்று டார்ச் அடித்துக்கொண்டு காட்டுச் சாலையில் போவது சட்டவிரோதமும்கூட. தோடர் பழங்குடியினர் குடியிருக்கும் மந்தும் காட்சிப் பொருள் இல்லை, அழைத்தால் போகலாம்.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஆளை ஒரு வகைக்குள் பூட்டிவிடக் கூடாது. அன்று அட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, சோலைக்குள் நீலகிரிச் சிரிப்பான் ஒன்று கெக்கலி கொட்டியது. “யாருப்பா அது, இந்தக் குளிர்ல சிரிக்கிறது?” என்றார் பாட்டி. குருவி என்றேன். நம்பவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு, மகன் குடும்பமெல்லாம் தூங்கிக்கொண்டிருக்க, குல்லா போட்டுக்கொண்டு ஜீப் பக்கத்தில் நின்றிருந்தார்.