‘ஆதாரம்: கூகுள்’ – நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேடலும் மேற்கோளும் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம் ரயில் நிலையம் பற்றி ஏழாம் வகுப்புக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தால் பெரும்பாலும் என்ன வரும்? ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதிய சார்ட், பிரவுசிங் சென்டரில் எடுத்த கலர் பிரிண்ட், நடுவில் ‘இந்தியாவின் முதல் ரயில் நிலையம்’ என்று ஒரு வரி, கீழ் மூலையில் ‘ஆதாரம்: கூகுள்’. பிள்ளைகள் உழைத்துத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த வரி தவறு. எங்கே பார்த்து எழுதினார்கள் என்று திரும்பிப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்: ஆதாரம் எழுதுவதைக் கடைசி நாள் வேலையாக நாம் பழக்கிவிட்டோம்.

ஆதாரத்தைக் கடைசிக்குத் தள்ளுவது

கட்டுரை முழுக்க எழுதிவிட்டு ‘இப்போது துணைநூல் பட்டியல் போடுங்கள்’ என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதுவும் நினைவிருக்காது. நூலகத்தில் பார்த்த புத்தகம் திரும்பிப் போயிருக்கும். அப்பாவின் செல்போனில் பார்த்த பக்கம் மறைந்திருக்கும். கடைசியில் ஏதோ இரண்டு புத்தகப் பெயரை இட்டுக்கட்டி எழுதும். அந்தப் பொய்யைக் கற்றுக்கொடுத்தது நம் பாடமுறைதான்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. ஒரு ஏ4 தாளை நான்காக வெட்டினால் நான்கு அட்டைகள் கிடைக்கும். அட்டையின் மேல் வரியில் முதலில் ஆதாரம்: யார் எழுதியது, தலைப்பு, ஆண்டு, பக்க எண். இணையம் என்றால் பக்க எண்ணுக்குப் பதிலாகத் தளத்தின் பெயரும் பார்த்த தேதியும். அதன் பிறகுதான் செய்தி. ஓர் அட்டைக்கு ஒரே செய்தி. மேல் வரி காலியாக இருந்தால் கீழே எழுதக் கூடாது என்பது வகுப்பின் சட்டமாக இருக்கட்டும். புத்தகத்தில் உள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்தால் அங்கேயே மேற்கோள் குறி போட வேண்டும். போடாவிட்டால் பத்து நாள் கழித்து அது தன் வாக்கியமா, புத்தகத்து வாக்கியமா என்று எழுதியவருக்கே தெரியாது. பிள்ளைகள் செய்யும் ‘காப்பி’யில் நிறைய இப்படித்தான் நடக்கிறது, திருட்டு எண்ணத்தால் அல்ல.

முதலில் கிடைத்த விடையோடு நிறுத்துவது

ராயபுரத்துக்கே திரும்புவோம். ‘இந்தியாவின் முதல் ரயில் எது?’ என்று தேடினால் மூன்று விடைகள் கிடைக்கும். 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய ரயில் என்பது ஒன்று. 1837-லேயே செங்குன்றம் பக்கம் சாலை போடும் கல்லை ஏற்றிச் செல்ல ஓடிய பாதை என்பது இன்னொன்று. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய ரயில் என்பது மூன்றாவது.

‘எது சரி?’ என்று கேட்கும் பிள்ளைக்கு ஆசிரியர் உடனே விடை சொல்லிவிட்டால் அருமையான ஒரு வகுப்பு கைநழுவிப் போகும். மூன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். எதன் முதல், யாருக்கு முதல் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் கேட்கச் சொல்லுங்கள். கல் ஏற்றியது சரக்குப் பாதை. போரிபந்தர் பயணிகள் ரயிலில் முதல். ராயபுரம் தென்னிந்தியாவின் பயணிகள் ரயிலில் முதல். மூன்று தேதியும் சரி. ‘தென்னிந்தியாவின்’ என்ற ஒரு சொல்லை யாரோ எங்கோ விட்டுவிட்டதால்தான் தவறு பிறந்தது. ஆதாரங்கள் முரண்பட்டால் ஒன்றை அடித்துவிடுவதற்கு முன் கேள்வியைத் திருத்திப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரு பீரியடில் விளங்கிவிடும்.

எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைப் பற்றி எழுதும்போதும் இதே குழப்பம் வரும். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியது ஒரு நிகழ்வு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கழிமுகத்துக்கு எண்ணெய் வந்தது வேறொரு நிகழ்வு. தேடலில் இரண்டும் கலந்து வரும். 2017 படத்தை 2023 செய்திக்குக் கீழே ஒட்டிவிடுவார்கள். படத்துக்கும் ஓர் அட்டை போடச் சொல்லுங்கள்: எடுத்தவர் பெயர் கிடைத்தால் அது, வெளியிட்ட இதழ், தேதி. தேதி தெரியாத படம் சார்ட்டில் ஏறக் கூடாது.

ஊரளவு தலைப்பு

‘வடசென்னை’ என்று தலைப்புக் கொடுத்தால் பிரிண்ட் அவுட்டைத் தவிர வேறு வழியில்லை. ‘வண்ணாரப்பேட்டை மெட்ரோ 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டபின் எங்கள் தெருக்காரர்கள் வேலைக்குப் போகும் வழி மாறியதா?’ என்றால் தேட வேண்டிய இடம் பிள்ளைக்கே தெரியும். பழைய ஊர்ப்பெயர்களையும் சேர்த்துக் கொடுங்கள். செங்குன்றம் ஆங்கிலப் பதிவுகளில் ரெட் ஹில்ஸ், வண்ணாரப்பேட்டை அங்கே வாஷர்மென்பேட், காமராசர் துறைமுகம் 2014 வரை எண்ணூர் துறைமுகம். ஒரே பெயரில் தேடிவிட்டு ‘ஒன்றும் கிடைக்கவில்லை, மிஸ்’ என்று வருவது பாதி இதனால்தான்.

‘சொந்த நடையில் எழுது’ என்று மட்டும் சொல்வது

சொந்த நடை என்றால் பத்துச் சொல்லில் மூன்றை மாற்றுவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆங்கிலப் பத்தியைக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுத் தமிழாக்கினால் அது தன்னுடையது என்றும் நினைக்கிறார்கள். செய்து காட்டினால்தான் புரியும். ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள், புத்தகத்தை மூடச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மூன்று வரி எழுதட்டும். எழுதியபின் புத்தகத்தைத் திறந்து எண்ணும் பெயரும் சரியா என்று பார்க்கட்டும். நடை சொந்தமானாலும் கருத்து அடுத்தவருடையது என்பதால் ஆதாரம் இதற்கும் உண்டு. இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும்.

கூகுளும் விக்கிப்பீடியாவும்

கூகுள் நூலகத்தின் வாசல். வாசலை யாரும் ஆதாரமாகக் காட்டுவதில்லை. விக்கிப்பீடியாவை அடியோடு தடுப்பதும் தவறு. தடுத்தால் பார்த்துவிட்டு மறைப்பார்கள். கட்டுரையின் அடியிலுள்ள மேற்கோள் பட்டியலுக்குப் போய், அதில் ஒன்றையாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத புத்தகத்துக்கும் பெயரும் ஆசிரியரும் ஆண்டும் கொடுத்துவிடும். அது சொன்ன நூலைக் கண்ணால் பார்க்காமல் அட்டையில் எழுதக் கூடாது.

அட்டைப்படத்தைப் பார்த்து எழுதுவது

ஆண்டும் பதிப்பகமும் உள்ளே, தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் இருக்கும். முதல் பயிற்சிக்கு அவர்களுடைய பாடப்புத்தகமே போதும்: வெளியிட்டவர் யார், எந்த ஆண்டுப் பதிப்பு என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கட்டும். முதல் பதிப்பு ஒரு ஆண்டும் கையிலிருக்கும் பதிப்பு வேறு ஆண்டுமாக இருந்தால், கையிலிருப்பதன் ஆண்டைத்தான் எழுத வேண்டும். பக்க எண் அதற்குத்தான் பொருந்தும்.

நூலாசிரியர் வேறு, பதிப்பாசிரியர் வேறு. 1892-ல் சிலப்பதிகாரத்தை அச்சில் பதிப்பித்தவர் உ. வே. சாமிநாதையர்; இயற்றியவர் இளங்கோவடிகள். அட்டையில் இரண்டு பெயரைப் பார்த்தால் பிள்ளைகள் ஒன்றை விட்டுவிடுவார்கள். திருக்குறளுக்குப் பக்க எண் வேண்டாம், குறள் எண் போதும். இன்று புழங்கும் பெரும்பாலான பதிப்புகளில் அது மாறாது.

முன்னெழுத்தைப் பெயருக்கு முன் போடுவதா, பின் போடுவதா என்று ஆறாம் வகுப்பில் மல்லுக்கட்ட வேண்டாம். புத்தகத்தில் உள்ளபடி எழுதட்டும், எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி எழுதட்டும். ஆறாம் வகுப்புக்கு இரண்டு ஆதாரம், ஆசிரியரும் தலைப்பும் போதும். ஏழில் மூன்று ஆதாரம், ஆண்டும் பக்கமும் சேரட்டும். எட்டில் நாளிதழ் ஒன்று, நேரில் பேசிய ஒருவர் ஒன்று.

பேசிய மனிதரை மறப்பது

காசிமேட்டில் வலை பின்னும் தாத்தாவுக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இல்லை. அவரிடம் கேட்டு எழுதியதும் ஆதாரம்தான். ‘தாத்தா, இதை எங்க ஸ்கூல் நோட்டுல எழுதட்டுமா? உங்க பேரப் போடலாமா?’ என்று முதலில் கேட்கப் பழக்குங்கள். வேண்டாம் என்றால் ‘மீனவர், 60 வயதுக்கு மேல், காசிமேடு’ என்று எழுதினால் போதும். கூடவே பேசிய தேதி. அவர் கண்ணால் கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனி அட்டையில் எழுத வேண்டும்.

மதிப்பெண் முழுவதும் சார்ட்டுக்கே போவது

அழகான எழுத்துக்கும் கலர் படத்துக்கும் மட்டும் மார்க் விழுந்தால் அட்டைகளை யாரும் எழுத மாட்டார்கள். பத்து மதிப்பெண்ணில் நான்கை அட்டைகளுக்கு ஒதுக்குங்கள். சமர்ப்பிக்கும் நாளில் ஒவ்வொருவர் கட்டுரையிலும் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு ‘இது எந்த அட்டை?’ என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம். நாற்பது பேர் வகுப்பு ஒரு பீரியடில் முடிந்துவிடும். காட்ட முடியாத பிள்ளைக்குப் பூஜ்யம் போட வேண்டாம். அந்த வரிக்குப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, நூலக பீரியடில் தேடிக் கண்டுபிடிக்கவோ அடித்துவிடவோ ஒரு வாரம் கொடுங்கள்.