ஷிப்ட் ஏறியதும் ஆக்சிஜன் கணக்கு

எண்ணூரிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு நோயாளியோடு வரும் ஆம்புலன்ஸ் கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கினால், சிலிண்டர் எத்தனை நிமிடம் தாங்கும்? இதை ஷிப்ட் ஏறும்போதே கணக்கிட்டுவிடுங்கள்.

கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்ட பி-டைப் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். வால்வை மெதுவாகத் திறந்து அழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். 100 பார் என்றால் 100 × 10 = 1000 லிட்டர். கேஜ் பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால், பாராக மாற்ற 14.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நான்-ரீப்ரீதர் மாஸ்க்கில் (ஆக்சிஜன் சேரும் பை பொருத்திய மாஸ்க்) நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் 66 நிமிடம். 20 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் 53தான். மழையில் வழியிலுள்ள சுரங்கப்பாதை மூழ்கி, சுற்றிப்போக நேர்ந்தால் அதுவும் போதாது. இரண்டாவது சிலிண்டர் முழுதாக இருக்கட்டும்.

அடுத்து கசிவு. ஆக்சிஜன் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரை மூடி, சிலிண்டர் வால்வைத் திறந்து, அதை மறுபடி மூடுங்கள். 5 நிமிடத்தில் கேஜ் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் சிலிண்டரும் ரெகுலேட்டரும் (அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) சேரும் இடத்து வாஷர் தேய்ந்திருக்கும். ஸ்பானரால் மேலும் முறுக்காமல் வாஷரை மாற்றுங்கள். கிரீஸ், எண்ணெய் பட்ட கையால் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது, தீப்பிடிக்கும்.

மாஸ்க்கின் பை முழுதாக உப்பிய பிறகே நோயாளிக்கு மாட்டுங்கள்.