கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் பெயர் வேறுபாட்டைச் சீர்செய்வது எப்படி?

மட்டக்களப்பிலிருந்து இரவுப் பேருந்தில், கொழும்புக்கு அருகே கடவுச்சீட்டு அலுவலகம் உள்ள பத்தரமுல்லைக்குப் போய், விடியற்காலையிலேயே வரிசையில் நின்று, பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இல்லை என்ற ஒரே காரணத்தால் வெறுங்கையோடு திரும்பியவர்களில் என் தாயாரும் ஒருவர். அந்த அலைச்சல் வேறொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை) சான்றிதழ், திருமணமானவராயின் விவாகச் சான்றிதழ் ஆகியவற்றை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். மனப்பாடத்திலிருந்து எழுத வேண்டாம். நமது பெயர் என்பதாலேயே கண் பிழையைத் தாண்டிப் போய்விடும்.

நம் பகுதியில் மிக அதிகமாகக் காணப்படுவது தந்தை பெயரால் வரும் வேறுபாடு. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயருக்குரிய கூட்டில் 'யோகேஸ்வரி' என்று மட்டும் இருக்கும். தந்தையின் பெயர் வேறொரு கூட்டில் இருக்கும். அடையாள அட்டையிலோ 'கந்தப்போடி யோகேஸ்வரி' என்று இருக்கும். அடுத்தது எழுத்து வேறுபாடு: தர்ஷினி, தர்சினி, முகம்மது, முஹம்மத். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலும் ஆவணங்களை இழந்து, பின்னர் புதிதாகப் பெற்றவர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, எந்த ஆவணத்தைத் திருத்துவது என்று முடிவுசெய்யுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அடையாள அட்டையே பிறப்புச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு வழங்கப்படுவதால், அடியிலிருந்து மேலே வருவதுதான் சரியான ஒழுங்கு. பிறப்புச் சான்றிதழ் சரியாக இருந்தால், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுடன் பிரதேச செயலகத்தின் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, அட்டையைத் திருத்திக்கொள்ளலாம்.

பிறப்புச் சான்றிதழிலேயே பிழை இருந்தால், பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் கிளைக்குச் செல்லுங்கள். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் பெயரைச் சேர்ப்பதும் மாற்றுவதும் 27ஆம் பிரிவிலும், ஏனைய பிழைகளைத் திருத்துவது 52ஆம் பிரிவிலும் வருகின்றன. ஆகையால் படிவத்தை நிரப்பும் முன் பிழையை உத்தியோகத்தரிடம் காட்டி, எந்தப் பிரிவின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோரும் பெயரை நீங்கள் நெடுநாளாகப் பயன்படுத்தி வந்ததைக் காட்டும் பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, ஞானஸ்நானச் சான்றிதழ் போன்ற பழைய ஆவணங்கள் பெரிதும் உதவும்.

சமாதான நீதவான் முன்னிலையில் 'இரு பெயர்களுக்கும் உரியவர் ஒருவரே' என்று முடிக்கும் சத்தியக் கடதாசியைப் பலர் முழுத் தீர்வாக எண்ணுகிறார்கள். அது விளக்கம் மட்டுமே; பதிவில் உள்ள எழுத்தை அது மாற்றாது. அதை நம்பி நேரே கொழும்புப் பயணத்தைத் தொடங்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

மூன்றாவது, ஆங்கில எழுத்துக்கூட்டல். 'பிள்ளை' என்பதை 'ஐ' (i) எழுத்தில் முடிப்பவரும் உண்டு, 'வை' (y) எழுத்தில் முடிப்பவரும் உண்டு. பரீட்சைச் சான்றிதழ் ஆங்கிலத்தில் இருந்தால் அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுவது நல்லது என்பது என் கருத்து. வெளிநாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ போகும்போது கடவுச்சீட்டையும் அந்தச் சான்றிதழையும் சேர்த்தே பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் குடும்பப்பெயரும் ஏனைய பெயர்களும் தனித்தனியே கேட்கப்படுவதால், தந்தையின் பெயரை எந்தக் கூட்டில் எழுதுவது என்பதையும் முன்பே தீர்மானித்து, குடும்பத்தில் எல்லோருக்கும் அதே முறையைக் கையாளுங்கள்.

கணவரின் பெயரைச் சேர்க்க விரும்பும் பெண்கள் விவாகச் சான்றிதழின் மூலப்பிரதியை எடுத்துச் செல்ல வேண்டும்.

திருத்திய ஆவணங்கள் கைக்கு வந்த பிறகே, அங்கீகரிக்கப்பட்ட படப்பிடிப்பு நிலையத்தில் படம் எடுத்து, விண்ணப்பத்தை நிரப்புங்கள். பயணச்சீட்டை அதற்கு முன் வாங்க வேண்டாம். கடவுச்சீட்டு கிடைத்ததும் அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன்பே, முதலில் எழுதிய அந்தத் தாளோடு பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.