வீல் பலகையில் முட்டுகிறதா? நட்டை முறுக்குவதற்கு முன்னால்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கத்து ரோட்டுக்கு 52 மி.மீ. கெட்டி வீல் சரிப்படாது. ஒரு ஜல்லி சிக்கினாலே ஸ்கேட்போர்டு நின்றுவிடும். அதனால் பசங்க 60 மி.மீ. மெது வீலுக்கு மாறுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பழைய ட்ரக்கிலேயே (பலகையின் அடியில் வீலைத் தாங்கும் உலோகப் பாகம்) மாட்டினால், சாய்ந்து திரும்பும்போது வீல் பலகையின் அடியில் முட்டும். வீல் டக்கென்று நிற்க, ஆள் மட்டும் முன்னால் போய் விழுவார்.

உடனே எல்லோரும் கை வைப்பது, ட்ரக்கின் நடு போல்ட்டான கிங்பின்னின் நட்டில்தான். இருப்பதிலேயே பெரிய தவறு அது. சாய்வைத் தாங்குவது கிங்பின்னில் கோத்திருக்கும், ரப்பர் போன்ற இரண்டு வளையங்கள், அதாவது புஷ். ஒரேயடியாக இறுக்கினால் புஷ் பிதுங்கி ஓரம் வெடிக்கும், போர்டும் திரும்பாது. வெடித்த புஷ் சீக்கிரமே தளர்ந்துவிடும், வீல் மறுபடி முட்டும். நட்டைத் தளர்த்திவிட்டு, உங்கள் எடைக்கு ஏற்ற கெட்டி புஷ் வாங்கிப் போடுங்கள். புஷ்ஷின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் 90ஏ, 95ஏ என்று ஏற ஏறக் கெட்டி. இன்னொன்று: வெயிலில் புஷ் இளகும். காலையில் முட்டாத வீல் மே மாத மதியத்தில் முட்டலாம்.

ஸ்பானர் விஷயமும் உண்டு. கிங்பின் நட் 9/16 அங்குலம். மெக்கானிக் கடையின் 14 மி.மீ. ஸ்பானர் நுழையாது, 15 மி.மீ. வழுக்கி நட்டின் மூலையைத் தின்றுவிடும்.

சரி, வீல் எங்கே உரசுகிறது என்று பார்த்தீர்களா? போர்டைக் கவிழ்த்தால் பெயின்ட் தேய்ந்த பிறைத் தடம் தெரியும். தடம் இல்லை, ஆனால் கரகரவென்று சத்தம் வருகிறது என்றால், வீல் உரசுவது ட்ரக்கின் ஹேங்கரில் (அச்சு கோத்திருக்கும் குறுக்குப் பாகம்). அதற்கு ரைசர் (ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் தடித்த அட்டை) உதவாது. பேரிங் மாற்றும்போது அச்சில் பேரிங்கை ஒட்டிப் போடும் மெல்லிய ஸ்பீடு வாஷர் தொலைந்திருக்கும். அதற்குப் பதில் மண்ணடி ஹார்டுவேர் கடையில் சாதாரண 8 மி.மீ. வாஷர் வாங்கிப் போடாதீர்கள். அது அகலமானது, பேரிங் மூடியில் உரசும். வாஷர் பேரிங்கின் உள்வளையத்தை மட்டுமே தொட வேண்டும்.

பலகையில்தான் முட்டுகிறது என்றால் ரைசர். அதிலும் கணக்குத் தப்புகிறது. வீல் 52-லிருந்து 60 ஆனால் கூடுவது 8 மி.மீ., ஆனால் அச்சுக்கு மேலே ஏறுவது பாதி, 4 மி.மீ.தான். கால் அங்குல ரைசரே தாராளம். அரை அங்குலம் வைத்தால் போர்டு உயர்ந்து ஆடும், காலால் தள்ளுவதும் சிரமம். பழைய ஹவாய் செருப்பை வெட்டி வைக்கிறவர்களும் உண்டு. அது அமுங்க அமுங்க, ட்ரக்கைப் பலகையோடு இணைக்கும் போல்ட் கழலும்.

ரைசர் வைத்துவிட்டுப் பழைய 1 அங்குல போல்ட்டையே போடுவது ரொம்ப ஆபத்து. போல்ட்டின் மரை, நட்டுக்குள் இருக்கும் நைலான் வளையத்தைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும், இல்லையென்றால் அதிர்வில் நட் கழன்று விழும். கால் அங்குல ரைசருக்கு 1¼ அங்குல போல்ட் கேளுங்கள். ரைசரை இரண்டு ட்ரக்கிலும் வையுங்கள்.

தடத்தில் மெழுகுவர்த்தி தேய்த்தால் முட்டும்போது பிடிப்பு குறையும், அவ்வளவுதான். வீலுக்கு இடம் விடப் பலகையைக் குடைவதென்றால், மரத்தின் ஒரு அடுக்கோடு நிறுத்துங்கள். ஆழமாகப் போனால் போல்ட் அருகிலேயே பலகை முறியும்.

எல்லாம் மாட்டியதும் ஓரத்தில் ஏறி முழு எடையையும் ஒரு பக்கம் சாயுங்கள். அப்போதும் வீலுக்கு மேலே இடைவெளி தெரிய வேண்டும். குதித்து இறங்குகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக.