கரண்ட் வந்ததும் ஹார்ட் டிஸ்க் தகராறா?

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் லோட் ஷெடிங்கோ கேபிள் திருட்டோ, கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் டிஸ்க் போச்சு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கம்ப்யூட்டரில் நடந்ததைக் குறித்து வைக்கும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைப் பாருங்கள். எண் 41 என்றால் கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை, அவ்வளவுதான். 'டிஸ்க்' என்ற பெயரோடு எண் 7 வந்திருந்தால் பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் ஒரு பகுதி பழுது. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

அடுத்து, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் இலவச மென்பொருள் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைப் போட்டு, பழுதான பகுதிகளைக் கணக்கு வைக்கும் 05, சி5, சி6 வரிகளைக் கவனியுங்கள். ரா மதிப்பு (அந்த வரியின் நேரடி எண்ணிக்கை) பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. சி5 நாளுக்கு நாள் ஏறினால் புது டிஸ்க் வாங்கக் கிளம்பலாம். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண்ணிக்கை அப்படியே நிற்கும். மேலே ஏறாவிட்டால் சரி.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஃபைல்களை எடுக்கும் முன்பே விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக் டிஸ்க்கை 'ஆர்' சேர்த்து (chkdsk /r) ஓட்டுகிறார்கள். அது டிஸ்க் முழுவதையும் படித்துத் தீர்க்கும். ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க் நடுவழியில் படுத்துவிடலாம். முதலில் போட்டோ, ஆவணங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள், சோதனை பிறகு. டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் கேட்டால் ஃபைல் மாற்றுவதும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் ஈரத்தைத்தான் உள்ளே இறக்கும்.

இனி இந்தத் தொல்லையைக் குறைக்க, கரண்ட் போனாலும் சிறிது நேரம் பேட்டரியில் ஓட்டும் சின்ன யூபிஎஸ் ஒன்று போதும். அதன் யூஎஸ்பி வயரையும் மறக்காமல் செருகி, உடன் வரும் மென்பொருளை அமைத்துவிட்டால் ஆளில்லாதபோதும் கம்ப்யூட்டர் தானே ஒழுங்காக அணையும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.