ஆச்சிமாருக்கு வென்ஃப்ளான் போட நான் பழகிக்கொண்ட விதம்

பாளையங்கோட்டையில் மருத்துவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். வென்ஃப்ளான் என்பது மருந்து ஏற்றுவதற்காக ஊசியால் குத்தி, ரத்த நரம்புக்குள் விட்டுவைக்கும் மெல்லிய குழாய். முக்கூடல், கடையம் பக்கமிருந்து வரும் ஆச்சிமார் பலர் ஆயுசெல்லாம் பீடி சுற்றியவர்கள். கை நரம்பு மேலே நன்றாகத் தெரியும். ஊசி தொட்டதும் நழுவும், இல்லையென்றால் உடைந்து வீங்கும். "எம்மா, இன்னும் எத்தன குத்துதான் குத்துவ?" என்று கேட்டால் மனசு கனத்துவிடும்.

சீனியர் அக்கா ஒருவர் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார். முதலில் மாற்றியது, நரம்பு புடைக்கக் கையில் கட்டும் கட்டு. வயதானவர்களின் நரம்புச்சுவர் மெல்லியது. இறுகக் கட்டினால் குத்தியதும் உடையும். இப்போது ஜாக்கெட் கைக்கு மேலேயே தளர்வாகக் கட்டுகிறேன்; தானே புடைத்து நிற்கும் நரம்பென்றால் சில சமயம் கட்டுவதே இல்லை. கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான துணியைச் சில நிமிடம் சுற்றிவைப்பேன். சூட்டை என் மணிக்கட்டில் பார்த்த பிறகுதான், ஏனென்றால் சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம். நரம்பை ஓங்கித் தட்டுவது கிடையாது, கன்றிப்போகும்.

நழுவுவதற்கு இடது கட்டைவிரல்தான் மருந்து. குத்தும் இடத்துக்குக் கீழே தோலை இழுத்துப் பிடிக்கணும், ஊசியின் பின்பக்கம் ரத்தம் தெரிந்த பிறகும் விடக்கூடாது. வென்ஃப்ளான் அளவில் நீல 22 அல்லது அதைவிட மெல்லிய மஞ்சள் 24 பெரும்பாலும் போதும். 10 முதல் 15 டிகிரிச் சாய்வு. ரத்தம் தெரிந்ததும் ஊசியை இன்னும் தாழ்த்தி, மயிரிழை முன்னே தள்ளி, பிறகே குழாயை உள்ளே விடுவேன்.

இரண்டு முறை கிடைக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவேன். புதிதாகச் சேரும் தங்கச்சிகளுக்கும் இதையேதான் சொல்கிறேன், வலிப்பது ஆச்சிக்கு.